கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கார் ஏசி பார்க்கும் கடைகளில் கூட்டம் கூடிவிடும். பானட்டைத் தூக்குவதற்கு முன்பே பல இடங்களில் முடிவு எடுத்தாகிவிடும். "கேஸ் குறைஞ்சிருக்கும்ணே, அடிச்சுருவோம்." அடித்த வாரம் ஜில்லென்றுதான் இருக்கும். சித்திரை முடிவதற்குள் அதே வண்டி, அதே கடை, அதே பதில்.

ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. மானாமதுரைப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? மேல்பரப்பில் ஆவியாகும் நீர் பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதே வேலைதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவத்திலிருந்து ஆவியாகி உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி முன்பக்கத்துக் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஹோஸ், ஓ-ரிங் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஆறேழு வருடம் ஓடிய வண்டியில் குளிர் கொஞ்சம் மங்கினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது காசைக் காற்றில் விடுவதுதான். இன்னொன்று, ஏசி குளிராததற்குக் கேஸ் காரணமே இல்லாத வண்டிகளும் நிறைய உண்டு.

ஆகவே முதலில் வண்டி என்ன அறிகுறி காட்டுகிறது என்று பாருங்கள். கடைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

சோதனைக்கு முன்

வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடிகளை இறக்கி, ஓரிரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை ஓட விட்டு, ஏசி ஆன், குளிர் முழுசாக, புளோயர் முழு வேகம், உள்காற்றே சுற்றும் பட்டன் ஆன் என்று வையுங்கள். இந்தக் கடைசிப் பட்டனைப் பலர் தொடுவதே இல்லை. அது அணைந்திருந்தால் வெளியே இருக்கும் 40 டிகிரிக் காற்றைத்தான் ஏசி ஓயாமல் குளிர்விக்க வேண்டியிருக்கும். ஏசியில் ஒரு கோளாறும் இல்லாமல், இந்தப் பட்டன் ஒன்றுக்காகக் கடைக்கு வரும் வண்டிகளும் உண்டு.

இப்போது பானட்டைத் திறந்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஏசி போடும்போது கம்ப்ரஸரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் சுற்றுகிறதா? எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களில் தடித்தது சில்லென்று வேர்த்து, மெல்லியது வெதுவெதுப்பாக இருக்கிறதா? கம்ப்ரஸரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கை சுட்டுவிடும். பெல்ட், ஃபேன் பக்கம் வேட்டி முனை, துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் போகக்கூடாது.

அந்த 'டக்', கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் ஒட்டும் சத்தம். புதிய கார்கள் சிலவற்றில் இந்தக் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் வருகிறது. அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், 'டக்' கேட்காது. அதில் குழாயின் குளிர்ச்சியை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

காற்று நன்றாக வருகிறது, குளிர் மட்டும் இல்லை

'டக்' கேட்கவே இல்லை என்றால் கம்ப்ரஸர் வேலைக்கே வரவில்லை. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்தது ரிலே, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் ஹார்னுக்கும் ஏசிக்கும் ஒரே எண் கொண்ட ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏசி ஓடி ஹார்ன் நின்றுபோனால் காரணம் கையில் கிடைத்துவிட்டது, புது ரிலே ஒன்று வாங்கினால் போதும்.

இரண்டும் சரி என்றால் கேஸ் அழுத்தம் குறைந்திருக்கலாம். குழாயில் உள்ள பிரஷர் சுவிட்ச், அழுத்தம் மிகவும் இறங்கினால் கம்ப்ரஸரை ஓட விடாது. கம்ப்ரஸருக்குள் போகும் எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து கம்ப்ரஸரே போய்விடும். அதனால் அந்த சுவிட்சைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்து ஓட விடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கம்ப்ரஸர் ஓடி, சில நொடிகளில் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கிறது என்றால் அது கேஸ் குறைவின் நல்ல அடையாளம். இங்கே நம் ஊர் மண்ணே ஒரு உதவி செய்கிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கசியும். அதில் செம்மண் புழுதி ஒட்டிக் கருஞ்சிவப்புக் கறையாக நிற்கும். குழாய் மூட்டுகள், கண்டன்சரின் கீழ் மூலை, கேஸ் ஏற்றும் வால்வின் மூடி, கம்ப்ரஸரின் முன்பக்கம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் காய்ந்த தூசி இருக்க, ஒரு இடம் மட்டும் பிசுக்காக இருந்தால் சந்தேகம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கடையில் சாயம் கலந்து ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கூலிங் காயிலில் கசிந்தால் மட்டும் வெளியே கறை தெரியாது. அதற்குக் கருவி வைத்து வென்ட்டிலோ தண்ணீர் வடியும் குழாயிலோ மோப்பம் பிடிக்க வேண்டும்.

இதே தலைப்பில் இன்னொரு வகை உண்டு, அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். காலையில் குளிர்கிறது, மதியம் ஒரு மணிக்குக் கைவிடுகிறது, சாயங்காலம் வண்டி ஆறிய பிறகு மறுபடி குளிர்கிறது. கேஸ் குறைவு மட்டும் இப்படி வேளை பார்த்து நடப்பது அரிது. பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்திருக்கும். கிளட்ச் தட்டுக்கும் பெல்ட் சுற்றும் புல்லிக்கும் நடுவே பல கம்ப்ரஸர்களில் ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடினால், கிளட்சின் காந்தக் காயில் சூடாகி இழுப்பு குறையும் மதிய நேரத்தில் தட்டு புல்லியில் ஒட்டாது. ஒட்டாமல் நிற்கும் நேரத்தில் கம்ப்ரஸருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மின்சாரம் வந்தும் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே பல வண்டிகளில் தீர்ந்துவிடும். இதற்குப் போய் முழுக் கம்ப்ரஸரையும் மாற்றச் சொல்வார்கள். மாற்றுவதற்கு முன் இந்த இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஓடும்போது ஜில், நின்றால் சூடு

பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி நேரத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது வென்ட்டில் அனல் வருகிறது. திருப்பத்தூர் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் குளிர் திரும்பிவிடுகிறது. இதில் கேஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும்.

ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று தேட வேண்டும். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் போயிருக்கலாம். அப்போது எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ஃபேன் முழு வேகத்தில் எழும்பும்.

ஃபேன் சுற்றியும் சூடுதான் என்றால் ஒரு எளிய சோதனை. வண்டியை நிறுத்தி ஏசியை ஓட விட்டு, முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். உடனே வென்ட் குளிர்ந்தால் கண்டன்சரில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். புதுவயல் அரிசி ஆலைகள் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளில் உமித்தூசி கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்குள் போய்ப் படிந்து, மழையில் நனைந்து, காய்ந்து இறுகிவிடும். மண்சாலை ஓடும் வண்டிகளில் செம்மண், சீமைக்கருவேலின் சின்னஞ்சிறு இலைகள். இவை கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராக வைத்து அடிக்காதீர்கள், தகடுகள் மடங்கி வழி இன்னும் அடையும். சாதாரண ஹோஸில், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் வர வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

நிற்கும்போது எஞ்சின் வெப்பமுள்ளும் மேலே ஏறுகிறது என்றால் ஏசியை உடனே அணையுங்கள். அப்போது பிரச்சினை ஏசியைத் தாண்டிவிட்டது. முதலில் ரேடியேட்டரையும் ஃபேனையும் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

முதல் அரைமணி நேரம் நன்றாக இருந்து, பிறகு காற்று குறைந்துவிடுகிறது

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஊருக்கு வரும்போது இதைக் கவனித்திருப்பீர்கள். புளோயர் சத்தம் அப்படியே இருக்கும், வென்ட்டில் கையை வைத்தால் காற்று நூலாக வரும். கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட்டது. ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று பழையபடி வந்து, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வடிந்தால் உறைந்தது உறுதி.

காயிலின் குளிரை அளந்து, உறைவதற்கு முன் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அது கெட்டிருக்கலாம், அல்லது காயிலிலிருந்து கழன்று தொங்கலாம். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் உறையும், கேஸ் ஓரளவு குறைந்தாலும் உறையும். ஃபில்டரில் தொடங்குங்கள், அதற்குச் செலவு இல்லை.

காற்று முழுசாக வந்துகொண்டிருக்க, குளிர் மட்டும் விட்டுவிட்டுப் போகிறது என்றால் வேறு கதை. குழாய்க்குள் ஈரம் புகுந்து, கூலிங் காயிலுக்குத் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் உறைகிறது என்று சந்தேகப்படலாம். வேக்கம் சரியாகப் போடாமல், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கேஸ் ஏற்றிய வண்டிகளில் இது வரும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, வேக்கம் போட்டு, மறுபடி நிரப்ப வேண்டும்.

தொடக்கத்திலேயே காற்று கம்மி

கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், பத்து நிமிட வேலை. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் வேப்பம்பூ உதிரும் காலத்தில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவழி முழுதும் பூவும் சருகுமாக இருக்கும். அதையும் அள்ளிவிடுங்கள்.

புளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் போய்விட்டது. மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு. ஏசியை ஆட்டோ மோடில் போட்டால் ஒத்துழைப்பதில்லை

டேஷ்போர்டுக்குள் சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்கும் சிறு கதவுகள் உண்டு. பழைய வண்டியில் கேபிள் இழுக்கும். கேபிள் கழன்றால் குமிழைத் திருகினாலும் மாற்றம் இருக்காது. வெப்பத்தைத் தானே சரிசெய்யும் கிளைமேட் கண்ட்ரோல் உள்ள வண்டியில் சின்ன மோட்டார் இழுக்கும். அதன் பிளாஸ்டிக் பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று விடாமல் கேட்கும். கதவு பாதியில் நின்று ஹீட்டர் சூடு கலந்து வரும். பேட்டரி மாற்றிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், மோட்டார் தன் இருப்பிடத்தை மறந்திருக்கலாம். கையேட்டில் உள்ளபடி மறுபடி அளவெடுக்கச் செய்தால் சில வண்டிகளில் சரியாகிவிடும். இரு பக்கமும் தனித்தனியாகக் குளிர் வைக்கும் இரட்டை மண்டல ஏசியில் இடம் வலம் வித்தியாசம் வந்தால் மோட்டாரோடு கேஸ் அளவையும் பார்க்க வேண்டும். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிரும்.

ஆட்டோ மோடில் விட்டால் குளிர் போதாமலோ அளவு மீறியோ வந்தால் சென்சார்களைப் பாருங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, கருப்பாக ஒரு சிறு குமிழ் இருக்கும். அதுதான் வெயிலை அளக்கும் சென்சார். நம் பக்கம் டேஷ்போர்டில் பிள்ளையாரை வைப்பதும் வெல்வெட் துணி விரிப்பதும் வழக்கம். சென்சாரை மூடினால் வண்டி நிழலில் இருப்பதாக நினைத்து ஏசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளையாரை நாலு விரல் தள்ளி வையுங்கள், துணியில் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். ஸ்டீயரிங்குக்கு அருகே சல்லடை போன்ற சின்னத் துளைகள் உள்ள இடம் கேபின் வெப்பத்தை அளப்பது. அதில் தூசி அடைந்தாலும் இதே தொல்லை.

நாற்றமும் தண்ணீரும்

இடது பக்கம் உட்காருபவரின் காலடி விரிப்பு நனைகிறது என்றால் கூலிங் காயிலின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அந்த ரப்பர் குழாயின் முனையைத் தேடி, மெல்லிய நைலான் கம்பியால் குத்திவிடுங்கள். ஏசி ஓடும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அடையாளம், கசிவு அல்ல. நனைவது பிசுபிசுப்பாக, தித்திப்பான வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ஏசி போட்டதும் புளித்த ஈரத்துணி நாற்றம் வருவது காயிலில் பிடித்த பூஞ்சையால். வீடு வந்து சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும். இதைப் பழக்கமாக்கினால் நாற்றம் திரும்பாது. ஏற்கெனவே பிடித்துவிட்டால் காயிலைக் கழுவத்தான் வேண்டும். வாசனை டப்பா தீர்வாகாது.

சத்தம்

ஏசி அணைத்த பிறகும் உறுமினால் புல்லி பேரிங். ஏசி போடும்போது மட்டும் உறுமினால் கம்ப்ரஸருக்குள் கோளாறு. எஞ்சினை நிறுத்தியதும் சிறிது நேரம் 'ஸ்ஸ்' என்று கேட்பது அழுத்தம் சமமாகும் ஓசை, பயப்பட ஒன்றுமில்லை.

வளவு வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊர்த் தெருவிலும் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கார் மட்டும் ஷெட்டில் காத்திருக்கும். கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, கோயில் திருவிழா என்றால்தான் வெளியே வரும். இந்த வண்டிகளின் ஏசி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம்.

கம்ப்ரஸரின் முன்பக்க சீல், உள்ளே சுற்றும் எண்ணெயால்தான் ஈரமாக இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாவிட்டால் காய்ந்து அதன் வழியே கேஸ் கசியும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏசியோடு ஓட்டச் சொல்லுங்கள். எலி அடுத்த தொல்லை. புளோயருக்குள் கூடு கட்டும், சென்சார் வயரைக் கடிக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் புளோயரைப் போடுவதற்கு முன் கிளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கூடும் குப்பையும் புளோயரில் போய்ச் சிக்கும்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விட்டு ஏசியைச் சோதிக்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரை எடுத்துவிடும். கல்யாண மண்டப வாசலில் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கும் ஓட்டுநர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு உள்ளே ஒரு பாயும் ஃபேனும் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை.

கடையில் என்ன கேட்க வேண்டும்

கேஸ் குழாயை வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். பீய்ச்சும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். ஆனால் கடையில் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்தம் அளக்கும் கேஜைப் போட்டு "பாருங்கண்ணே, கேஸ் இருக்கு" என்றால் அதை நம்ப முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே, நிற்கும் வண்டியில் அழுத்தம் அன்றைய வெப்பத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. ஓடும்போது பார்க்க வேண்டும். ஆர் 134ஏ கேஸ் உள்ள வண்டியில், நம் ஊர் வெயிலில் கீழ்ப்பக்கம், அதாவது அழுத்தம் குறைந்த பக்கம், ஏறத்தாழ 30 முதல் 45 பிஎஸ்ஐ, மேல்பக்கம், அதாவது அழுத்தம் கூடிய பக்கம், 200 முதல் 275 வரை இருப்பது வழக்கம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. கீழ்ப்பக்கம் உயர்ந்து மேல்பக்கம் தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். இரண்டும் உயர்ந்திருந்தால் அளவுக்கு மேல் கேஸ், அல்லது கண்டன்சருக்குக் காற்று போதவில்லை.

கேஸைக் கேஜ் பார்த்து ஏற்றாமல், தராசில் எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சின்னக் கார்களில் அது அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். அதனால் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். ஏற்றுவதற்கு முன் அரைமணி நேரமாவது வேக்கம் போட்டு, பம்பை நிறுத்திவிட்டு முள் அசைகிறதா என்று காத்திருக்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டையோ ஈரமோ இன்னும் இருக்கிறது என்று பொருள், கேஸ் ஏற்றாதீர்கள். ஸ்டிக்கரில் 1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸ் என்றிருந்தால் 134ஏ போடக்கூடாது. சமையல் கேஸ் வகையறாவை மலிவாகக் கலப்பது தீப்பிடிக்கும் ஆபத்து. ஓட்டை அடைக்கும் பசை மருந்தையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை நடு வென்ட்டில் சொருகி, உள்காற்றுப் பட்டனைப் போட்டு, குன்றக்குடி வரை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் வென்ட்டில் 7 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் வேலை சரி. பில்லில் பழைய கேஸ் எத்தனை கிராம் எடுத்தார்கள், புதியது எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது "கேஸ் குறைஞ்சிருக்கு" என்றால், வெளியே எடுத்த எடையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலே எவ்வளவு கசிந்தது என்று தெரிந்துவிடும்.